ரீவிக்குள் குடிவரும் செயலிகள்

கொடைக்கானல் மலையிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் ஏறத்தாழ 280 கிலோமீற்றர். மலையின் உயரம் 2,000 மீற்றருக்கு மேல். அவ்வளவு உயரத்தில் நிற்கும் தொலைக்காட்சிக் கோபுரம் ஒன்றின் அலை, பூமியின் வளைவு மறைக்கும்வரை போகக்கூடிய தூரம் கணக்குப்படி 190 கிலோமீற்றர் அளவில் முடிந்துவிடும். மிச்சத் தூரத்தைப் பாக்கு நீரிணையின் காற்றுத்தான் கடத்திக் கொடுத்தது. கடலை ஒட்டிக் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேலே வெதுவெதுப்பான உலர்காற்றும் அடுக்காகப் படிந்திருக்கும் நேரங்களில், அலை அந்த அடுக்குக்குள் அகப்பட்டு, வெளியே தப்பிப் போகாமல் வளைந்து வளைந்து நெடுந்தூரம் ஓடும். குடாநாட்டு வீடுகளில் உயரமான இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் அன்ரெனா பூட்டி, அதை மேற்குப் பக்கம் திருப்பித் தூரதர்ஷன் பார்த்தது இந்த இயற்பியலின் தயவில்தான். ஒருவர் வளவில் நின்று குழாயைத் திருக, இன்னொருவர் உள்ளே படத்தைப் பார்த்தபடி, "இப்ப வருது... போட்டுது... இஞ்சால கொஞ்சம் திருப்புங்கோ" என்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பார்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஓகஸ்ட் 15 இல் தொடங்கியது. இலங்கையில் ஐ.ரி.என். 1979 இலும், ரூபவாகினி 1982 பெப்ரவரி 15 இலும் வந்தன. பிறகு போர். 1990 இலிருந்து குடாநாடு நீண்டகாலம் மின்சாரம் இல்லாமலே கிடந்தது. ரீவியையும் வீடியோ டெக்கையும் ஜெனரேற்றரையும் வாடகைக்கு எடுத்து, ஒரே இரவில் அடுத்தடுத்துப் படம் ஓடவிட்டு அயலே கூடியிருந்து பார்த்த காலம் பலருக்கு நினைவிருக்கும்.

வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளின் கலியாணக் கசெற்றுகள் ஊருக்கு வரத் தொடங்கியபோது வேறொரு தடை தெரிந்தது. கனடாவில் பதிவானது என்.ரி.எஸ்.சி. முறை, பிரான்சில் செகாம், இலங்கையில் பால். மூன்று முறைகளையும் வாசிக்கும் டெக் இல்லாத வீட்டில் ரொறொன்ரோ மணமக்கள் திரையில் உருண்டு ஓடினார்கள். பாரிஸ் மணமக்கள் நிறமிழந்து கறுப்பு வெள்ளையில் வந்தார்கள். ஒரு நாட்டின் ரீவி அந்த நாட்டு அலையை மட்டும் படிக்கும்படி மின்சுற்றிலேயே கட்டப்பட்டிருந்தது.

இன்று ரொறொன்ரோவில் யூரியூப்பில் ஏற்றிய கலியாணக் காணொளி கொக்குவிலிலும் பாரிசிலும் ஒரே மாதிரி ஓடுகிறது. காணொளியைச் சுருக்கிக் கட்டுவதற்கான எச்.264 என்ற விதி 2003 இல் வந்தது. அதை அவிழ்க்கும் பகுதி இன்றைய ரீவிச் சிப்புகளில் நாடு பார்க்காமல் இருக்கிறது. காணொளியைத் தேடிக் கொண்டுவரும் வேலையைச் செயலி, அதாவது அப், பார்த்துக்கொள்கிறது. சுற்றில் இறுகியிருந்தது மென்பொருளாக இளகிவிட்டது. அந்த மென்பொருள் நம் வீட்டு ரீவிக்குள் எப்படிக் குடிவருகிறது, எப்படித் தங்குகிறது, ஏன் சிலவேளை முரண்டு பிடிக்கிறது என்பதை அறிவது ரீவி வைத்திருக்கும் எவருக்கும் பயன்படும். அதைவிட முக்கியமாக, அது வியப்பான கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பக்கத்து வீட்டு ரீவியில் உள்ள செயலி எங்கள் ரீவியில் ஏன் இல்லை? ஸ்மார்ட் ரீவி என்பது பெரிய திரை பொருத்திய ஒரு சிறு கணினி. அதற்குள் ஓடும் இயங்குதளம் எதுவோ, அதற்குரிய கடையிலிருந்துதான் செயலி எடுக்க முடியும். சாம்சுங் ரீவிகளில் 2015 முதல் டைசன். எல்ஜி ரீவிகளில் 2014 முதல் வெப்ஓஎஸ். சொனி, ரீசிஎல் போன்ற பல நிறுவனங்களின் ரீவிகளில் கூகுள் 2014 இல் அறிமுகப்படுத்திய அன்ட்ரொய்ட் ரீவி, அல்லது 2020 இல் அதன்மேல் வந்த கூகுள் ரீவி முகப்பு. ஒன்றுக்கு எழுதிய செயலி மற்றதில் ஏறாது. வெப்ஓஎஸ்ஸின் வரலாறு சுவையானது. பாம் என்ற நிறுவனம் 2009 இல் தன் கைத்தொலைபேசிக்காகச் செய்த மென்பொருள் அது. போன் சந்தையில் நிற்கவில்லை, எச்.பி. 2010 இல் பாமையே வாங்கியது; 2013 இல் எல்ஜி அந்த மென்பொருளை வாங்கி ரீவிக்குள் வைத்தது. போனில் தோற்றது வீட்டு மண்டபங்களில் வென்றுவிட்டது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: டைசன், வெப்ஓஎஸ், அன்ட்ரொய்ட் மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றே. ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991 இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் அது.

இனி, கோண்டாவிலில் ஒரு வீட்டில் அன்ட்ரொய்ட் ரீவி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். றிமோட்டை எடுத்துக் கடையைத் திறந்து, ஒரு செயலியின் மேல் நின்று 'இன்ஸ்ரோல்' என்பதை அழுத்துகிறீர்கள். அடுத்த ஒரு நிமிடத்தில் நடப்பவற்றை மெதுவாகப் பார்க்கலாம்.

உண்மையில் வேலை நீங்கள் அழுத்துவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கடை திறந்த உடனே ரீவி தன்னைப் பற்றிய விவரத்தைக் கடைக்குச் சொல்லிவிடுகிறது: என்ன சிப், அன்ட்ரொய்டின் எந்தப் பதிப்பு, தொடுதிரை உண்டா, எந்தக் கணக்கு, அந்தக் கணக்குக்கு எந்த நாடு. ஒவ்வொரு செயலியும் தனக்கு என்ன தேவை என்பதைத் தன் முகப்புப் பத்திரத்தில் எழுதி வைத்திருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றைக் கடை உங்கள் கண்ணில் காட்டுவதே இல்லை. தொடுதிரை இல்லாமலும், றிமோட்டின் நான்கு திசைப் பொத்தான்களால் மட்டுமே ஓட்டக்கூடியதாகவும் அமைத்திருப்பதாகச் செயலியை எழுதியவர் அறிவித்திருந்தால்தான் அது ரீவிக் கடையில் தோன்றும். போனில் நன்றாக ஓடும் வங்கிச் செயலியோ செய்திச் செயலியோ ரீவியில் தேடினால் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். ரீவியில் கோளாறு இல்லை.

அழுத்தியதும் செயலியின் பொதி இறங்கத் தொடங்குகிறது. இப்போதெல்லாம் முழுப் பொதியும் வருவதில்லை. உங்கள் சிப்புக்கு வேண்டிய பகுதி, உங்கள் திரைக்கு வேண்டிய படங்கள், நீங்கள் தெரிந்த மொழிக்குரிய சொற்கள் என்று வெட்டித் தொகுத்ததே வருகிறது. பொதி வந்து சேர்ந்ததும் ரீவி அதை நம்பிவிடாது. பொதியின் உள்ளடக்கத்திலிருந்து ஒரு கணித முத்திரை கணக்கிடப்படும். ஒரு எழுத்து, ஒரு புள்ளி மாறியிருந்தாலும் முத்திரை முற்றிலும் வேறாகிவிடும். அந்தச் செயலிக்கென்றே உள்ள இரகசியத் திறப்பால் ஒப்பமிட்ட முத்திரையோடு அது பொருந்தினால்தான் மேலே போகும். பிறகு வரும் ஒவ்வொரு புதுப்பிப்பும் அதே திறப்பால் ஒப்பமிடப்பட்டிருக்க வேண்டும். ஆகவே அதே பெயரோடும் அதே படத்தோடும் ஒரு போலி வந்தாலும், ஏற்கெனவே உள்ள செயலியின் இடத்தில் அது உட்கார முடியாது. வீட்டுக்குள் இருந்து படம் பார்ப்பவருக்குத் தெரியாமலே இந்தக் காவல் ஒவ்வொரு தடவையும் நடக்கிறது.

ஒப்பம் சரியானதும் குடியேற்றம். இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. லினக்ஸ் பல பேர் ஒரே கணினியைப் பகிரும் முறையில் கட்டப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஒரு பயனர் இலக்கம், ஒருவரின் கோப்பை மற்றவர் திறக்க முடியாது. அன்ட்ரொய்டைக் கட்டியவர்கள் அந்த ஏற்பாட்டை வேறு விதமாகத் திருப்பிப் பயன்படுத்தினார்கள். மனிதருக்குக் கொடுக்க வேண்டிய பயனர் இலக்கத்தைச் செயலிகளுக்குக் கொடுத்தார்கள். யூரியூப் ஒரு ஆள், நெட்ஃபிளிக்ஸ் இன்னொரு ஆள். ஒவ்வொன்றுக்கும் தனி வளவு, சுற்றிலும் வேலி. நம்மூர் வேலியில் அயலுக்குப் போய்வர ஒரு பொட்டு விடுவதுபோல, மைக்கை எடுக்கலாமா, சேமிப்பைப் பார்க்கலாமா என்று செயலி கேட்கும்போது நீங்கள் 'ஓம்' என்பது அந்த வேலியில் ஒரு பொட்டு வெட்டுவது. எங்கே வெட்டினீர்கள் என்பதை செற்றிங்ஸில் பார்த்து, வேண்டாததை மறுபடி அடைத்துவிடலாம். படம் காட்டும் செயலி ஒன்று உங்கள் இருப்பிடத்தையோ தொடர்பு இலக்கங்களையோ கேட்டால் 'இல்லை' என்று சொல்வதில் ஒரு நட்டமும் இல்லை.

கடைசியாக, செயலியின் நிரல் இந்தச் சிப்புக்கு ஏற்றபடி மொழிமாற்றப்பட வேண்டும். அன்ட்ரொய்ட் 7 இலிருந்து அது முழுவதையும் ஒரேயடியாகச் செய்வதில்லை. நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் பகுதிகள் எவை என்று கவனித்து, ரீவி சும்மா இருக்கும் நேரத்தில் அவற்றை மட்டும் மாற்றி வைத்துக்கொள்ளும். முதல் நாட்களில் தயங்கித் தயங்கித் திறந்த செயலி பிறகு சற்றுச் சுறுசுறுப்பாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் முறைப்பாடு எதிர்த்திசையில்தான் இருக்கும்: வாங்கியபோது பறந்த ரீவி இரண்டு வருடத்தில் ஊர்கிறது. இதற்கு இடப்பற்றாக்குறை முக்கிய காரணம். நடுத்தர விலை ரீவிகளில் சேமிப்பு பெரும்பாலும் 8 ஜிகாபைட். இன்று ஒரு சாதாரண போனில் 128 ஜிகாபைட் இருக்கிறது. அந்த எட்டிலும் இயங்குதளமே பெரும் பங்கை எடுத்துவிட, செயலிகளுக்குச் சிறிய இடமே மிஞ்சும். சேமிப்புச் சிப்பின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. அதில் எழுதுவது சிறு பக்கங்களாக. அழிப்பதோ பக்கங்கள் பல சேர்ந்த பெருந்தொகுதியாக மட்டும்தான் முடியும். வெறுமையான இடம் தாராளமாக இருந்தால் சிப் புதிய பக்கத்தில் எழுதிவிட்டுப் போய்விடும். இடம் நிரம்பிவிட்டால், ஒரு பக்கம் எழுதுவதற்காக ஒரு தொகுதியில் உள்ள நல்ல பக்கங்களை எல்லாம் வேறிடத்துக்கு நகர்த்தி, தொகுதியை அழித்து, மறுபடி எழுத வேண்டும். திரையில் நீங்கள் காண்பது உறைந்து நிற்கும் ஒரு படம். உள்ளே நடப்பது இந்த இடமாற்றம்.

ஆகவே ரீவியில் செயலிகளைக் குறைவாக வைத்திருப்பதே நல்ல பராமரிப்பு. ஆறு மாதமாகத் திறக்காத செயலியை எடுத்துவிடுங்கள். வேண்டுமானால் ஒரு நிமிடத்தில் மறுபடி இறக்கலாம். எடுக்க மனமில்லாதவற்றுக்கு செற்றிங்ஸில் 'அப்ஸ்' என்ற பகுதியில் இரண்டு வழிகள் இருக்கும். 'கிளியர் கேஷ்' என்பது செயலி தன் வசதிக்காகச் சேர்த்துவைத்த சிறு படங்களையும் துண்டுகளையும் அழிக்கும், ஒன்றும் இழக்கமாட்டீர்கள். 'கிளியர் டேற்றா' என்பது செயலி உங்களைப் பற்றி நினைவில் வைத்திருக்கும் எல்லாவற்றையும் அழிக்கும். கணக்கு, கடவுச்சொல் எல்லாம் மறுபடி கொடுக்க வேண்டிவரும். கடவுச்சொல் நினைவில்லாத வீட்டில் இரண்டாவதை அழுத்தக்கூடாது.

ரீவியோடு வந்த சில செயலிகளை எடுக்கவே முடியாது என்பதும் பலருக்கு எரிச்சல். அவை இருப்பது வாசிக்க மட்டுமே அனுமதியுள்ள பகுதியில். ஒவ்வொரு முறை ரீவி எழும்பும்போதும் அந்தப் பகுதி முத்திரையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படுகிறது. அதில் ஒன்றை நீங்கள் அழிக்க முடிந்தால், கள்ள நிரல் ஒன்றும் அதில் தன்னைச் செருக முடியும். அதற்காகத்தான் பூட்டு. ஆனால் அவற்றை 'டிஸேபிள்' செய்யலாம். அப்போது அவற்றின் புதுப்பிப்புகள் பிடித்திருந்த இடம் திரும்பக் கிடைக்கும். பின்னணியில் ஓடி நினைவகத்தைத் தின்பதும் நிற்கும்.

இன்னொரு சிறு விஷயம். றிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் ரீவி நிற்பதில்லை, தூங்குகிறது. வாரக்கணக்கில் அப்படித் தூங்கி எழும்பும் ரீவியில் பழைய செயலிகளின் மிச்சங்கள் நினைவகத்தில் தேங்கிவிடும். கிழமைக்கு ஒருக்கால் செற்றிங்ஸில் போய் 'ரீஸ்ராற்' கொடுத்தால் போதும்.

யாழ்ப்பாணத்துக்கென்றே சொல்ல வேண்டியது மின்வெட்டைப் பற்றி. 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றது. அந்த நிலை இப்போது இல்லாவிட்டாலும் ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கரண்ட் போய்வருவது இன்னும் வழமைதான். கரண்ட் வந்ததும் ரீவியைப் போட்டால், இணையம் இருந்தும் செயலி ஒன்றும் திறக்காமல் 'இணைப்பில் பிழை' என்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். றவுட்டரையும் கேபிளையும் குறை சொல்லுவோம். பல தடவை காரணம் மணிக்கூடு.

கணினிக்குள் ஒரு சிறு பற்றரி இருந்து, மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தைக் காக்கும். பெரும்பாலான ரீவிகளில் அது இல்லை. முழுதாக மின்சாரம் அற்றுப்போனால் ரீவி நேரத்தை மறந்துவிடும். எழும்பும்போது 1970 ஜனவரி முதலாம் திகதி என்றோ, தன் மென்பொருள் செய்யப்பட்ட நாள் என்றோ நினைத்துக்கொண்டு எழும்பும். இப்போது அது யூரியூப்பின் சேர்வரோடு பேச வேண்டும். சேர்வர் தன் அடையாளச் சான்றிதழைக் காட்டும். ஒவ்வொரு சான்றிதழிலும் எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்று எழுதியிருக்கும். லெற்ஸ் என்கிரிப்ற் என்ற பொதுநல அமைப்பு வழக்கமாகக் கொடுத்துவரும் சான்றிதழ்களுக்கு ஆயுள் 90 நாட்கள். 1970 இல் இருப்பதாக நம்பும் ரீவிக்கு, இந்த ஆண்டுச் சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. ஆகவே ஏமாற்று என்று முடிவுகட்டிக் கதவைச் சாத்திவிடுகிறது. சரியான நேரத்தை ரீவி இணையத்திலிருந்துதான் கேட்டுப் பெறும். றவுட்டர் முழுதாக எழும்பச் சில நிமிடங்கள் எடுக்கும். ரீவி அதற்கு முன்பே எழும்பிவிட்டால் கேட்க வழியில்லை. கரண்ட் வந்த பிறகு றவுட்டரின் விளக்குகள் எல்லாம் நிலைத்து எரியும்வரை பொறுத்திருந்து ரீவியைப் போடுங்கள். செற்றிங்ஸில் திகதியும் நேரமும் தானாக எடுக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். மழை இருட்டிக்கொண்டு வரும்போது மென்பொருள் புதுப்பிப்பைத் தொடங்காதீர்கள். இயங்குதளம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் நடுவில் கரண்ட் போனால் சில ரீவிகள் திரும்ப எழும்பா.

இதே சான்றிதழ்தான் பழைய ரீவிகளின் ஆயுளையும் முடிக்கிறது. சேர்வரின் சான்றிதழை நம்ப, அதற்கு மேலே ஒப்பமிட்ட மூலச் சான்றிதழ் ஒன்று ரீவிக்குள் இருக்க வேண்டும். அப்படிப் பலகாலம் பயன்பட்ட ஒன்று 2021 செப்ரெம்பர் 30 இல் காலாவதியானது. புதுப்பிப்புக் கிடைக்காத பழைய கருவிகள் பல அந்த நாளில் இணையத்தின் ஒரு பகுதியோடு பேச முடியாமல் போயின. சான்றிதழ் அல்லாத காரணங்களாலும் இப்படி நேரும்: 2019 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ், சாம்சுங்கின் 2010, 2011 ஆண்டுச் சில ரீவிகளில் ஓடுவதை நிறுத்தியது. அந்தத் திரைகள் பழுதாகவில்லை. ஒரு ரீவியின் திரை பதினைந்து வருடம் நன்றாக எரியும். அதற்குள் இருக்கும் மென்பொருளுக்குக் கொடுக்கும் பராமரிப்பு அவ்வளவு காலம் வருவதில்லை. இது வாங்குபவருக்கு இழைக்கும் அநீதி என்றே நினைக்கிறேன். எத்தனை வருடம் புதுப்பிப்புத் தருவோம் என்று ரீவிப் பெட்டியில் அச்சிடும்படி சட்டம் வேண்டும்.

புலம்பெயர் பிள்ளைகள் உள்ள வீடுகளில் எழும் கேள்வி நாட்டைப் பற்றியது. விடுமுறைக்கு வந்த மகன் தன்னுடைய கனடாக் கணக்கைப் போட்டு அம்மாவுக்கு ரீவியை ஒழுங்குபண்ணிவிட்டுப் போகிறார். கடையில் எந்தெந்தச் செயலி தெரியும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் கணக்கின் நாடு. செயலிக்குள் எந்தப் படம் ஓடும் என்பதைத் தீர்மானிப்பது இணைய இணைப்பின் முகவரி காட்டும் நாடு. முதலாவது கனடா, இரண்டாவது இலங்கை. இலங்கைக்கென்று உள்ள செயலி கடையில் தெரியாது; கனடாச் செயலி இறங்கினாலும் படம் ஓடாது. படங்களின் உரிமை நாடு நாடாக விற்கப்படுவதால் வந்த நிலை இது. கூகுள் கணக்கின் நாட்டை மாற்றலாம், ஆனால் வருடத்துக்கு ஒரு தடவைதான். அதைவிட அம்மாவின் பெயரில் இலங்கைக் கணக்கு ஒன்றைத் தொடங்குவதே சுலபம். அங்கிருந்து கொண்டுவரும் ரீவி என்றால் மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும்: கனடாவில் 120 வோல்ற்று, இங்கே 230. பின்பக்கத்தில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பயமில்லை. அதன் அன்ரெனாத் துவாரம் இங்கே ரூபவாகினியைப் பிடிக்காது. செயலிகள் மட்டும் ஓடும்.

தட்டெழுத முடியாத அம்மாவுக்கு இன்னொரு நற்செய்தி. கூகுளின் பேச்சறியும் சேவை 2017 இல் தமிழைச் சேர்த்தபோது இந்தியத் தமிழோடு இலங்கைத் தமிழையும் தனி வகையாகச் சேர்த்தது. றிமோட்டில் மைக் இருந்து, மொழி சரியாகத் தெரிந்துவிடப்பட்டிருந்தால், ஒவ்வொரு எழுத்தாக அம்புக்குறியை நகர்த்தும் வேலை மிச்சம்.

படம் வரும் வழியையும் ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம். கோடிக்கரைக்கும் பருத்தித்துறைக்கும் இடையில் கடல் சுமார் 65 கிலோமீற்றர். ஆனால் அந்தக் குறுக்கில் கேபிள் இல்லை. 2006 இல் பாரத் லங்கா கேபிளைக்கூடத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குத் தெற்கே கல்கிசைக்குத்தான் போட்டார்கள். ஆகவே சென்னையில் இருந்து ஒரு காட்சி குடாநாட்டுக்கு வருவதானால் முதலில் தெற்கே போய், கடல் கடந்து, பிறகு தீவின் நீளத்துக்கு வடக்கே ஏற வேண்டும். இவ்வளவு சுற்றியும் அது கண்ணிமைக்கும் நேரத்துக்குள் வந்துவிடுகிறது. வந்த பின் கடைசிப் பத்து மீற்றரில்தான் தடுமாறுகிறது. சுண்ணாம்புக் கல்லால் கட்டிய பழைய நாற்சார் வீடுகளின் தடித்த சுவர்கள் வைஃபையின் 5 ஜிகாஹேர்ட்ஸ் அலையை மிகவும் உறிஞ்சும்; 2.4 ஜிகாஹேர்ட்ஸ் அலை மெதுவானாலும் சுவரைத் தாண்டும். றவுட்டரிலிருந்து ரீவிக்கு ஒரு வயர் இழுத்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

செயலி காணொளியைச் சில செக்கன் நீளத் துண்டுகளாக எடுக்கிறது. ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சேர்வரில் காத்திருக்கும். முந்தைய துண்டு வந்த வேகத்தைப் பார்த்து அடுத்ததன் தரத்தைச் செயலி தெரிந்தெடுக்கும். அதனால் இணைப்பு நன்றாக இருந்தால் கேட்காமலே உயர்தரத்துக்குப் போய்விடும். நெட்ஃபிளிக்ஸின் கணக்குப்படி எச்.டி. தரத்தில் மணித்தியாலத்துக்கு 3 ஜிகாபைட்வரை, 4கே தரத்தில் 7 ஜிகாபைட்வரை செலவாகும். மாத அளவு கட்டிய பக்கேஜில் இருப்பவர்கள் செயலியின் செற்றிங்ஸில் தரத்தை மட்டுப்படுத்தி வைக்க வேண்டும். ரீவி மண்டபத்தின் மறுமுனையில் இருக்க, 32 அங்குலத் திரையில் 4கே தரம் கண்ணுக்குத் தெரியப்போவதும் இல்லை.

மனக்கவலையோடு எழுத வேண்டிய பகுதிக்கு வருகிறேன். சாதாரண ரீவியை ஸ்மார்ட் ஆக்கும் என்று சொல்லி விற்கப்படும் மலிவான அன்ட்ரொய்ட் பெட்டிகள். எல்லாச் சனலும் சும்மா வரும் என்று ஆசைகாட்டும் பல பெட்டிகளில் கூகுளின் அனுமதி பெற்ற அன்ட்ரொய்ட் ரீவி இருப்பதில்லை. எவரும் எடுத்துத் திருத்தக்கூடிய திறந்த அன்ட்ரொய்டைப் போட்டிருப்பார்கள். மேலே சொன்ன முத்திரை, வேலி, சரிபார்ப்பு எல்லாம் இயங்குதளம் நேர்மையாக இருக்கும்வரைதான். தொழிற்சாலையிலோ வரும் வழியிலோ இயங்குதளத்துக்குள்ளேயே கள்ளநிரல் புகுத்தப்பட்டிருந்தால் ஒன்றும் காப்பாற்றாது. 2024 செப்ரெம்பரில் ரஷ்யாவின் டொக்ரர் வெப் நிறுவனம், வோய்ட் என்ற கள்ளநிரல் 197 நாடுகளில் ஏறத்தாழ 13 இலட்சம் ரீவிப் பெட்டிகளுக்குள் இருப்பதாக அறிவித்தது. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 'பாட்பொக்ஸ் 2.0' என்ற இன்னொரு கள்ளநிரல் வலை பற்றி எச்சரித்தது. அடுத்த மாதம் கூகுள் நியூயோர்க்கில் வழக்குப் போட்டபோது சொன்ன தொகை ஒரு கோடிக்கு மேற்பட்ட கருவிகள். அந்தப் பெட்டி படத்தை ஒழுங்காகக் காட்டிக்கொண்டே இருக்கும். பின்னால் யாரோ ஒருவர் உங்கள் இணைய இணைப்பை வாடகைக்கு விட்டு, உங்கள் முகவரியிலிருந்து மோசடி செய்துகொண்டிருப்பார். ஒரு குற்றத்தைத் தேடி வருகிறவர்கள் முதலில் காணப்போவது உங்கள் வீட்டு முகவரியை.

கூகுள் தன் அன்ட்ரொய்ட் ரீவிப் பங்காளி நிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டிருக்கிறது. பெட்டி வாங்குவதற்கு முன் அதில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பென் டிரைவில் செயலியைக் கொண்டுவந்து 'அன்நோன் சோர்சஸ்' என்பதைத் திறந்து ஏற்றச் சொல்பவர் உறவினராக இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்; ஏற்கெனவே திறந்திருந்தால் மூடிவிடுங்கள்.

நல்ல நிறுவன ரீவிகளும் ஒரு விஷயத்தில் கவனிக்க வேண்டியவை. திரையில் ஓடும் படத்தின் சில புள்ளிகளை எடுத்து, அது என்ன நிகழ்ச்சி என்று கண்டுபிடித்து, விளம்பரக்காரருக்குச் சொல்லும் வசதி பலவற்றில் உண்டு. அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடி ரீவிகளில் பார்ப்பவரின் சம்மதம் இல்லாமல் இதைச் செய்ததற்காக 2017 இல் 22 இலட்சம் டொலர் கட்டியது. உங்கள் ரீவியில் அது 'பிரைவசி' பகுதியில் 'வியூவிங்' என்று தொடங்கும் பெயரோடோ, அதுபோன்ற வேறு பெயரோடோ இருக்கும். நிறுத்தி வைத்தால் எந்தச் செயலியும் பழுதாகாது.

வெளிநாட்டில் இருந்து வந்து பெற்றோருக்கு ரீவி ஒழுங்குபண்ணிக் கொடுக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். கணக்கை அவர்களுடைய பெயரிலும் அவர்களுடைய தொலைபேசி இலக்கத்திலும் தொடங்குங்கள். வேண்டிய நாலைந்து செயலிகளை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு விமானம் ஏறுங்கள். ரீவியில் செயலி திறக்கவில்லை என்று நடுச்சாமத்தில் உங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு கொப்பியால் நின்றுவிடும்.